அச்சத்தின் அளவுகோல்

மனித வாழ்வை மூன்று பொருள்கள் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று எல்லை, மூன்றாவது மாயை. அஞ்சத் தகாதவற்றுக்கு அஞ்சி நடுங்குகிறவன், அஞ்ச வேண்டியதன் எதிரில் அலட்சியமாக நடக்கிறான். தனக்கு இடப்பட்ட எல்லையை மறந்துவிட்டு, பிறனுக்கு இடப்பட்ட எல்லையைக் காவல் காக்கிறான். இவ்விரண்டுக்கும் காரணம் அவன் கண்ணை மறைத்து நிற்கும் மாயையே.

எம்பெருமானார் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கோடுகளால் ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவே ஒரு கோடு இழுத்தார்கள். அக்கோடு சதுரத்தைக் கடந்து வெளியே நீண்டது. நடுக்கோட்டின் பக்கங்களில் சிறுசிறு கோடுகளையும் இட்டார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். அவனைச் சுற்றி வளைத்து நிற்பது அவனுடைய தவணை. வெளியே நீண்டு செல்வது அவனுடைய ஆசை. சிறு கோடுகள் அவனைத் தாக்கும் இன்னல்கள். ஒன்றுக்குத் தப்பினால் மற்றொன்று பற்றும் என்று விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மனிதனின் அச்சமும் எல்லையும் மாயையும் அந்தச் சில கோடுகளுக்குள் அடங்கிவிட்டன!

இதற்கு விளக்கம் தேடிக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலையைப் பார்த்தாலே போதும். அம்மலைக்கு அப்பால் இருக்கும் முல்லைப் பெரியாறு அணை, அச்சத்தையும் எல்லையையும் மாயையையும் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நமக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது.

மலை தாண்டி வந்த அருள்

ஒரே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழை கொட்டித் தீர்க்கிறது. கிழக்குச் சரிவோ மழை மறைவில் கிடக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமையும் துடித்தது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற பழைய எண்ணம் அதற்குப் பிறகு வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் பணி தொடங்கியது. அடர்ந்த காட்டில், காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் உயிர்களைப் பறிகொடுத்தபடி, கருங்கல்லாலும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையாலும் அணை எழும்பியது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார்.

மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் பூமியாயிற்று. அந்நீர் வைகையோடு கலந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களையும் குடங்களையும் நிறைக்கிறது. நம் வீட்டுச் சோற்றிலும், நாம் ஒளுச் செய்யும் நீரிலும் அந்த அணையின் பங்கு உண்டு. இதை அருள் என்று சொல்லாமல் வேறு எப்பெயரால் அழைப்பது?

அச்சம் பிறந்த வரலாறு

1979 ஆகஸ்ட் மாதத்தில் குஜராத் மாநிலத்து மோர்வி நகருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்து பெருந்தொகையான மக்கள் மாண்டனர். அச்செய்தி நாடெங்கும் பரவியபோது, சுண்ணாம்பினால் கட்டப்பட்ட பழைய அணை ஒன்றின் கீழே வாழும் கேரள மக்களின் நெஞ்சில் அச்சம் புகுந்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையத்தின் தலைவர் அணையைப் பார்வையிட்டார். பலப்படுத்தும் பணிகள் நிறைவேறும் வரை நீர்மட்டம் 136 அடிக்குள் நிறுத்தப்பட்டது. அணையின் முழு அளவு 152 அடி. பதினாறு அடி நீர் அச்சத்தின் பேரால் நம்மிடமிருந்து விலகிற்று.

அணையின் மேலே கான்கிரீட் மூடி போடப்பட்டது. உள்ளே துளையிட்டு எஃகு வடங்கள் இறக்கி இறுக்கப்பட்டன. பின்புறத்தில் கான்கிரீட் அரண் எழுப்பப்பட்டது. பணிகள் முடிந்த பின்னரும் அச்சம் தீரவில்லை. 2006 பிப்ரவரி 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி 136 அடியையே எல்லையாக விதித்தது. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு அணையை ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தச் சட்டம் செல்லாது என அறிவித்து, 142 அடியை உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், நீர் அந்த அளவைத் தொட்டது.

ஆண்டுகளையும் அடிக்கணக்கையும் சொல்லிவிட்டோம். இவற்றுக்கு நடுவே மனித உள்ளங்களில் நடந்தது என்ன? 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களை எவரும் மறந்திருக்க முடியாது. இடுக்கிப் பகுதியில் நில அதிர்வுகள் உணரப்பட்ட ஆண்டு அது. அச்சம் பேச்சாயிற்று, பேச்சு ஆத்திரமாயிற்று. அணை உடைவதைக் காட்டும் திரைப்படம் ஒன்று எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. குமுளிப் பாதை அடைபட்டது. இரு பக்கமும் வாகனங்களும் கடைகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் ஏழைத் தாய்மார்களின் வீடுகளில் அடுப்பு அணைந்தது. அங்கே தங்கி வேலை செய்தவர்கள் குழந்தை குட்டிகளோடு திரும்பி ஓடிவந்தனர். அணை உடையவில்லை, உறவுகள் உடைந்தன! இறங்காத வெள்ளம் மனிதர்களை அடித்துச் சென்றது. அச்சம் எல்லை மீறினால் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அஞ்சுவது குற்றமா?

இங்கே வாசகர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புதரை, சப்பாத்து ஆகிய ஊர்களில் வாழும் மக்கள் மழைக்கால இரவுகளில் உறக்கமின்றித் தவிப்பதைக் கண்டு நகைப்பது முஃமினுக்கு அழகாகுமா? அங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அங்கும் பாங்கொலி கேட்கிறது. மலையின் இரு பக்கமும் இராவுத்தர் குடும்பங்கள் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் வாழ்கின்றன. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும், 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் ஊர்களையே புதைத்த நிலச்சரிவையும் கண்ட மக்கள் அஞ்சுவதில் வியப்பென்ன?

அஞ்சுவதும், அஞ்சித் தற்காத்துக்கொள்வதும் ஈமானுக்குக் குறைவல்ல. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி வழியில் எட்டியது. தோழர்களோடு கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்குச் செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் விடை. அதற்கு அவர்கள் காட்டிய உவமையைக் கவனியுங்கள். ஒரு பள்ளத்தாக்கு, அதற்கு இரு சரிவுகள், ஒன்று பசுமை, மற்றொன்று வறட்சி. உம் ஒட்டகங்களை எந்தச் சரிவில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அன்றோ என்று கேட்டார்கள். பசுஞ்சரிவும் வறண்ட சரிவும் கொண்ட மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்க வேண்டும்.

அச்சத்தைப் புறக்கணித்ததால் வந்த கேட்டையும் நம் காலத்திலேயே கண்டோம். லிபியா நாட்டின் டெர்னா நகருக்கு மேலே 1970களில் இரண்டு அணைகள் கட்டப்பட்டன. அவற்றில் வெடிப்புகள் இருப்பது முன்பே அறியப்பட்டிருந்தது. பழுது பார்க்கப்படாவிட்டால் பேரழிவு நேரும் என்று 2022இல் அந்நாட்டு நீரியல் அறிஞர் ஒருவர் எழுத்து மூலம் எச்சரித்தார். உள்நாட்டுப் பூசலில் மூழ்கிக் கிடந்தோர் காதில் அது விழவில்லை. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் கொட்டிய ஓர் இரவு மழையில் இரு அணைகளும் உடைந்தன. ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் உறக்கத்திலேயே கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அங்கே அச்சம் இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும்.

ஆகவே அச்சம் என்பது ஓர் அமானிதம். அதை ஏளனம் செய்து தூக்கி எறியவும் கூடாது. ஆராயாமல் தலையில் சுமந்து ஆடவும் கூடாது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல்தான் உண்மையறிதல். செய்தி கொண்டு வருபவன் தீயவனாக இருந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்கும்பொருட்டு, தீர விசாரித்துக்கொள்ளும்படி திருமறையின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அணையைத் துளையிட்டுச் சோதித்தவர் அறிக்கையைப் படியாமல், திரைப்படத்தைப் பார்த்து நடுங்குவது அச்சமன்று, மாயை. அவ்வாறே, அறிக்கை என்ன சொல்கிறது என்று அறியாமல், நூறு ஆண்டு நின்ற அணை இன்னும் நூறு ஆண்டு நிற்கும் என்று மார்தட்டுவதும் துணிவன்று, அதுவும் மாயையே! ஆராயாத அச்சமும் ஆராயாத துணிவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மாயையின் மறுபக்கம்

நம் பக்கத்து மாயையையும் சற்றுப் பார்ப்போம். யமன் நாட்டில் ஸபா என்னும் சமுதாயம் வாழ்ந்தது. மஃரிப் என்னுமிடத்தில் அவர்கள் கட்டிய அணை பண்டைய உலகின் அதிசயங்களுள் ஒன்று. வலப்பக்கம் ஒரு சோலை, இடப்பக்கம் ஒரு சோலை. இறைவன் அளித்ததை உண்ணுங்கள், அவனுக்கு நன்றி செலுத்துங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் புறக்கணித்தார்கள். அணை உடைத்த பெருவெள்ளம் அவர்கள் மீது ஏவப்பட்டது. சோலைகள் நின்ற இடத்தில் கசப்பான கனி தரும் மரங்களும், சவுக்கை ஒத்த செடிகளும், சில இலந்தை மரங்களுமே எஞ்சின. 34ஆம் அத்தியாயமான ஸூரத்து ஸபா இதனை எடுத்துரைக்கிறது. யானைப் படையோடு கஃபாவை இடிக்க வந்த ஆப்ரஹாவே ஆறாம் நூற்றாண்டில் அவ்வணையைப் பழுது பார்த்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. பழுது பார்த்தவனும் இல்லை. பார்க்கப்பட்ட அணையும் இல்லை. இடிபாடுகள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

வெள்ளிதோறும் நம் வீடுகளில் ஓதப்படும் ஸூரத்துல் கஹ்ஃபை எண்ணிப் பாருங்கள். இரு திராட்சைத் தோட்டங்களுக்கு உரியவன் ஒருவன் அதில் வருகிறான். அவற்றின் நடுவே ஆறு ஓடிற்று. இது ஒருபோதும் அழியாது என்று அவன் எண்ணினான். தோட்டத்து நீர் பூமிக்குள் வற்றிப்போனால் உன்னால் அதைத் தேடிப்பெற இயலுமா என்று அவன் தோழன் எச்சரித்தான். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே வாழும் கம்பத்து மக்களுக்குத்தான் இந்த வசனங்கள் இறங்கினவோ என்று தோன்றும்!

அதே அத்தியாயத்தில் துல்கர்னைன் வருகிறார். இரு மலைகளுக்கு இடையே, இரும்புப் பாளங்களை அடுக்கி, உருக்கிய செம்பை ஊற்றி அரண் கட்டுகிறார். கட்டி முடித்ததும் தன் திறமையைப் பாராட்டிக்கொள்ளவில்லை. இது என் இறைவனின் அருள். அவன் வாக்களித்த நேரம் வரும்போது இதைத் தூளாக்கிவிடுவான் என்றார். உலகில் எந்தப் பொறியாளன் தன் கட்டடத்தின் திறப்பு விழாவிலேயே அதன் முடிவையும் அறிவித்தான்? உறுதியாகக் கட்டுவதும், கட்டியதை வணங்காதிருப்பதும் ஒரே உள்ளத்தில் கூடியிருப்பதே தவக்குல்.

கணுக்கால் அளவு

இனி எல்லையைப் பற்றி. 136, 142, 152 என்று அணையின் எல்லையை அடிக்கணக்கில் அறிந்து வைத்திருக்கிறோம். தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் முதியவரும் இன்றைய நீர்மட்டத்தைச் சொல்வார். நம் சொந்த எல்லையின் அளவு நமக்குத் தெரியுமா?

மதீனாவில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வாய்க்கால் நீரைப் பற்றி வழக்கு எழுந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோப்பு மேல்மடையில் இருந்தது. உம் தோப்புக்குப் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை வீட்டாருக்கு நீரை விட்டுவிடும் என்று நபிகளார் (ஸல்) சொன்னார்கள். உம் மாமி மகன் என்பதால் இப்படித் தீர்ப்பளித்தீரோ என்று அந்த மனிதர் பேசிவிட்டார். நபிகளாரின் திருமுகம் நிறம் மாறியது. அப்படியானால் வரப்பை எட்டும் வரை நீரை நிறுத்தி வைத்து, பிறகு விடுவீராக என்று ஸுபைர் (ரலி) அவர்களின் முழு உரிமையையும் வழங்கினார்கள். அந்த அளவு கணுக்கால் வரை என்று மதீனா மக்கள் கணக்கிட்டனர்.

இத்தீர்ப்பில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலில் சொன்னது பெருந்தன்மை. பின்னர் சொன்னது உரிமை. உரிமை உடையவன் அதைக் கேட்டுப் பெறலாம். மார்க்கம் அதற்கு இடமளிக்கிறது. ஆகவே பெரியாற்று நீரில் நமக்குள்ள உரிமையை நீதிமன்றத்திலும் அரசிடத்திலும் எடுத்துரைப்பதில் எவருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் மேல்மடைக்காரனின் உரிமைக்கும் கணுக்கால் அளவோடு எல்லை உண்டு! அதற்கு மேல் தேக்குவது அநீதி. மலைக்கு அப்பால் இருப்போரிடம் நியாயம் கேட்கும் நாம், நமக்குக் கீழே இருக்கும் கடைமடைக்காரனுக்கு நியாயம் செய்கிறோமா? இரவோடு இரவாக வாய்க்காலில் மோட்டார் வைத்து நீரை இழுக்கிறவன், கேரளம் தண்ணீர் தர மறுப்பதாகப் பகலில் முழக்கமிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? பென்னிகுவிக்கின் படத்துக்கு மாலை சூட்டிவிட்டு, அந்நீர் பாய்ந்த வயலை மனைகளாக்கி விற்பது நன்றிக்கு அடையாளமா? தேவைக்கு மிஞ்சிய நீரைத் தடுத்து வைப்பதை நபிகளார் (ஸல்) விலக்கியுள்ளார்கள். அண்டை மாநிலத்துக்குச் சொல்லப்பட்ட சட்டமன்று அது. அண்டை வயலிலிருந்தே அது தொடங்குகிறது.

ஒரே கப்பல்

அல்லாஹ் விதித்த எல்லைகளைப் பேணி நிற்பவனுக்கும் அவற்றை மீறுபவனுக்கும் நபிகளார் (ஸல்) ஓர் உவமை சொன்னார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நபிமொழியும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கி, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம்பெற்றனர். கீழே இருந்தோர் தண்ணீர் எடுக்க மேலே சென்று வந்தனர். மேலே உள்ளோருக்கு ஏன் தொல்லை தர வேண்டும், நம் பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினர். மேலே உள்ளோர் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர்; கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

தண்ணீர் கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர், அவர்களுக்குத் தாகம். மூழ்கிவிடுவோம் என்று அஞ்சுபவர்களும் தீயவர்கள் அல்லர், அவர்களுக்கு உயிர். தாகத்துக்கும் உயிருக்கும் இடையே ஒரு பலகைதான் இருக்கிறது. அந்தப் பலகையைக் காப்பது இரு தளத்தாரின் கடமை. முல்லைப் பெரியாற்றுக்கு இதனினும் பொருத்தமான உவமை எங்கே கிடைக்கும்? நமக்கு நீர் வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். அணை உறுதியாக இருப்பதில்தான் இரண்டும் அடங்கியிருக்கின்றன. அணையைப் பராமரிக்கச் செல்லும் பொறியாளரைத் தடுப்பவர் தம் பாதுகாப்பையே தடுக்கிறார். அணையை ஆராய வேண்டும் என்று கேட்பவரைப் பகைவர் என்பவர் தம் நீரையே பகைக்கிறார்.

எனவே வாசகப் பெருமக்களே! அடுத்த பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது அச்சமும் உயரும், வதந்தியும் உயரும். உங்கள் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் 49ஆம் அத்தியாயத்தின் அளவுகோலால் அளந்து பாருங்கள். உறுதியாகத் தெரியாததைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். மலைக்கு அப்பால் உள்ள உறவினரிடம் நலம் விசாரியுங்கள். அவர்கள் அச்சத்தைச் சொன்னால் பொறுமையோடு கேளுங்கள். நம் உரிமையைச் சொல்லும்போது அவர்கள் உயிரையும் மதித்துச் சொல்லுங்கள். வயலுக்கு நீர் வந்தால் கணுக்கால் அளவை நினைவிற்கொண்டு மடையைத் திறந்துவிடுங்கள்.

அணையின் நீர்மட்டத்தை அரசு ஊழியர் நாள்தோறும் குறித்து வைக்கிறார். நம் உள்ளத்தில் ஆசை எத்தனை அடி ஏறியிருக்கிறது, இறையச்சம் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதை நாமே குறிக்க வேண்டும். நபிகளார் (ஸல்) வரைந்த சதுரத்துக்குள் நிற்கிறோம் என்பதை நினைவில் கொண்டவனுக்கு எதற்கு அஞ்சுவது, எவ்வளவு அஞ்சுவது, எங்கே நிறுத்துவது என்பது தெளிவாகும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சும் அறிவையும், எல்லையறிந்து நிற்கும் பக்குவத்தையும், மாயையைக் கிழித்து உண்மையைக் காணும் பார்வையையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! மலையின் இரு பக்கத்து மக்களையும் பஞ்சத்திலிருந்தும் வெள்ளத்திலிருந்தும், ஒருவர் மீது ஒருவர் கொள்ளும் பகையிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.